அக்காவுக்கு ஆவாதுங்க

புகையில்லாக் குடியிருப்பு ஒன்றை உருவாக்க முதலில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். படிக்கட்டில் போய் உட்காருங்கள் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூட்டம் போடுவது, துண்டறிக்கை கொடுப்பது, கையெழுத்து வாங்குவது எல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். நான் திரும்பச் சொன்னால் தூக்கம்தான் வரும். நான் சொல்ல வந்தது ஒரு படிக்கட்டைப் பற்றியும், அதன் இரண்டாவது மாடியில் குடியிருந்த ருக்மணியக்காவைப் பற்றியும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது கோவையில் ஒரு தொண்டு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில் நான் களப்பணியாளர். நர்ஸ் இல்லை. ஆனால் தோளில் பையோடு ஒரு பெண் வீடு வீடாக வந்தால் நம் ஊரில் அவள் நர்சம்மாதான். கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தேன், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். எங்கள் பிரிவின் டாக்டர் நெஞ்சுநோயில் கைதேர்ந்தவர், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் நின்று நாள் தவறாமல் சிகரெட் பிடிப்பவரும்கூட. ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தபோது, "நான் சொல்றதச் செய்யுங்க, செய்யறதப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மீதியையும் பிடித்து முடித்தார். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடியிருப்பு சிங்காநல்லூரில் இருந்தது. மில் தொழிலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து கட்டிக்கொண்ட மூன்று மாடிக் கட்டடம். நடுவில் ஒரே படிக்கட்டு, இரண்டு பக்கமும் வீடுகள். மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை போன ஆண்களுக்கு வீட்டுக்குள் உட்காரக் கூச்சம், வெளியே போகக் காரணம் இல்லை. அதனால் காலையிலிருந்தே படியில் உட்கார்ந்திருப்பார்கள். படியடியில் ஒரு பொட்டிக்கடை. பீடி பற்றவைக்க அங்கே ஒரு கயிறு கனன்றுகொண்டே தொங்கும். கயிற்றுப் புகையும் பீடிப் புகையும் அந்தப் படிக்கட்டு வழியாக மேலேறி, ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்கிலும் நுழையும்.

ருக்மணியக்கா மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற இடத்தில் இளவயதிலிருந்து வேலை செய்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நான் பார்க்கும்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாத நிலை. படியில் யாராவது பற்றவைத்தால் போதும், இளைப்பு பிடித்துக்கொள்ளும். டாக்டர் அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் இருந்த அக்காவின் தம்பி வீட்டுக்குப் போய்விடச் சொன்னார். நல்ல காற்று, நல்ல தண்ணீர். தம்பியும் அழைத்துப்போக வண்டியோடு மருத்துவமனைக்கே வந்துவிட்டார்.

"நான் போவலீங்க டாக்டர். பஞ்சத் தின்னு வாங்குன ஊடுங்க இது. பொறந்த ஊட்டுக்குப் போயி, தம்பி பொண்டாட்டி கையப் பாத்துட்டுக் கெடக்கறதுக்கா வாங்குனன்? என்ர ஊட்டுலயே இருந்துக்கறனுங்க."

இதைச் சொல்லி முடிக்க அக்காவுக்கு வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற அவர் கணவர் ஆறுச்சாமியண்ணன் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து, மருத்துவமனைக் குப்பைக்கூடையில் போட்டார். அன்றைக்கு விட்டவர்தான், பிறகு தொடவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "அந்தம்மா நகர மாட்டாங்க. அப்ப புகையத்தான் நகர்த்தணும். போங்க, உங்க வேலை" என்றார்.

அப்படித்தான் நான் படியில் போய் உட்கார்ந்தேன். பீடி பிடிப்பவர்களோடு பேசாமல் பீடியைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? தொழிற்சங்கக் கிளையைப் பிடித்தேன், பக்கத்துத் தேவாலயத்தின் மாதர் சங்கத்தைப் பிடித்தேன். பொட்டிக்கடைக்காரர்தான் முதலில் முறுக்கிக்கொண்டார். கடைசியில் கயிற்றை மட்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டிக்கொள்வதாக அவரே இறங்கிவந்தார். மரத்தடியில் உட்காரக் கல் போட்டுக்கொடுத்தது தொழிற்சங்கம். மனிதனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் உட்கார ஓர் இடமாவது கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எல்லாம் கூடிவந்து, படியில் புகைக்கக் கூடாது என்று நான் மாட்டச் சொன்ன போர்டு விஷயத்தில் முட்டிக்கொண்டு நின்றது. குடியிருப்போர் சங்கத் தலைவர் தேவசகாயம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். தங்கமான மனிதர், யார் மனதும் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசுவார். கூட்டத்தில் அவர்தான் எழுந்தார்.

"ஏனுங் நர்சம்மா, ஊட்டுக்கு வர்ற ஒரம்பர மொதப் படியில கால வெக்கறப்பவே 'பிடிக்காதே'ன்னு போர்டு மாட்டி வெச்சா, வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாலயே போங்கன்னு சொன்னாப்பல ஆயிராதுங்களா?"

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. நம் பக்கத்தில் விருந்தாளியை 'வாங்க' என்று கேட்காதவனைக் காலத்துக்கும் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சோறு போடாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். அந்த ஊரில் போய், வருகிறவரை வாசலிலேயே தடுக்கும் ஒரு பலகையை மாட்டச் சொன்னால் எப்படி ஒப்புவார்கள்? வழியையும் தேவசகாயமே கண்டுபிடித்தார். போர்டு வேண்டாம், தடையும் வேண்டாம். யாராவது படியில் பற்றவைத்தால், 'அக்காவுக்கு ஆவாதுங்க' என்று பணிவாகச் சொல்லிவிட்டால் போதும். நோயாளியைச் சொன்னால் யார் மறுப்பார்கள்?

யாரும் மறுக்கவில்லை. நான் பார்த்ததிலேயே அவ்வளவு சுலபமாக நடந்த ஏற்பாடு அதுதான். கடன் கேட்க வந்தவன், பெண் பார்க்க வந்தவர்கள், பால்காரர், எல்லோரிடமும் அதே வார்த்தை. "அக்காவுக்கு ஆவாதுங்க." கேட்டதும் அவசரமாக அணைத்துவிட்டு, "அடடா, தெரியாதுங்களே" என்று வருத்தம் தெரிவிப்பார்கள். அக்காவுக்கு இளைப்பு குறைந்தது. ராத்திரி தூங்க முடிகிறது என்றார். நான் தலைகால் புரியாமல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நல்லா நடக்குது, சரி. எல்லாத்தையும் அந்தம்மா தலையில ஏத்தி வெச்சிருக்கீங்களே, அதப் பாத்தீங்களா?"

பொறாமைக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், அக்கா என்னைக் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அவர் கட்டில் வாசல் கதவை ஒட்டிக் கிடக்கும்.

"ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"கேளுங்கக்கா."

"இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தானுங்க படுத்திருக்கறேன். அக்காவுக்கு ஆவாது, அக்காவுக்கு ஆவாதுன்னு நாளெல்லாம் காதுல உளுந்துட்டே இருக்குதுங்க. மின்னயெல்லாம் இந்தக் கட்டடத்துல என்ர பேரு எதுக்குத் தெரியும்னு தெரியுங்களா?"

தெரியும். சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லாத காலம். விடியும் முன்னாலேயே எழுந்து, கீழே குழாயடிக்குப் போய், தண்ணீர் வந்ததும் அங்கிருந்தே அக்கா ஒரு குரல் கொடுப்பாராம், "தண்ணி வந்துருச்சுங்கோ!" என்று. மூன்று மாடியும் குடத்தோடு இறங்கிவிடுமாம். அந்தக் குரலைக் கேட்காமல் அந்தக் கட்டடத்தில் யாரும் ஒரு குடம் தண்ணீர் பிடித்ததில்லை என்று பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. நான் அறிந்த நாளில் அக்காவின் குரல் கட்டிலைத் தாண்டாது.

"இப்பக் குடிவந்தவங்களுக்கு நான் யாருன்னு தெரியுங்களா? இளைப்புக்காரி. ஆவாதவ. அவ்வளவுதான் தெரியும். பீடி பிடிக்கறது வேண்டாம், அது செரிதானுங்க. ஆனா அதுல என்ர பேரு வேண்டாமுங்க. எடுத்துப்போடச் சொல்லுங்க. சாவறதுக்குள்ள ஒரு நாளாச்சும் அந்தப் பேச்சக் கேக்காம இருக்கோணும்."

நேரே தேவசகாயத்திடம் போனேன். அக்கா சங்கடப்படுகிறார், ஒரு பொது விதியாகப் போட்டுவிடுவோம், இந்தக் கட்டடத்தில் பஞ்சு தின்ற நெஞ்சு வீட்டுக்கு வீடு இருக்கிறது, அக்கா ஒருவருக்காக மட்டும் இல்லை என்று சொன்னேன். போர்டு என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தேன்.

அவர் முகம் வாடிப்போனது. "அக்கா மனசு நோவறாங்களா? அய்யோ, பாவமுங்க. இனி அக்கா காதுல உளுகாமப் பாத்துக்கறமுங்க."

பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து மொத்தக் கட்டடமும் அதையே குசுகுசுவென்று சொல்ல ஆரம்பித்தது. அக்கா வீட்டு வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். சத்தம் போட்டு விளையாடிய குழந்தைகளைக் கீழே அனுப்பினார்கள். நான் போனபோது அக்கா சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

"நல்லாப் பண்ணுனீங்க போங்க. இப்ப எளவூட்டாட்டப் பேசிக்கறாங்க."

டாக்டரிடம் வந்து பொருமினேன். அவர் அன்றைக்குச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "கெட்டவங்ககிட்ட சண்டை போடலாம். நல்லவங்கள என்ன பண்ணுவீங்க?" உங்களுக்கும் இந்த வேலையில் இடைஞ்சல் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் முகம் கடுக்காமல் விடாப்பிடியாக நிற்கப் பழக வேண்டும். நான் அதைப் பழகிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சை எடுப்பேன், ஒவ்வொரு கூட்டத்திலும் அன்பாகத் தள்ளிப்போடுவார்கள். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது.

அக்கா ஒரு காலைநேரத்தில் போனார். தம் வீட்டில், தம் கட்டிலில், ஆறுச்சாமியண்ணன் தோளில் சாய்ந்தபடி. அவர் கேட்ட இரண்டில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நான் போய்ச் சேரும்போது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். களப்பணியாளர் நோயாளி வீட்டில் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அழுதேன்.

அடுத்து வந்ததுதான் நெருக்கடி. எழவு வீட்டுக்கு வரும் ஆண்களுக்கு வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் தட்டத்தில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். வாசலில் பந்தல் போட்டு அங்கே வைப்பார்கள். அன்றைக்கு மழை கொட்டியது. பந்தல் போட முடியவில்லை. ஆண்கள் எல்லோரும் படிக்கட்டில்தான் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்னூரிலிருந்து வந்த அக்காவின் தம்பி, செய்யவேண்டிய முறையைச் செய்ய வேண்டுமே என்று தட்டத்தைக் கொண்டுவந்து இரண்டாவது மாடிப் படியிலேயே வைத்தார். அவருக்கு இங்கத்து ஏற்பாடு எதுவும் தெரியாது. அவரோடு வந்த தோட்டத்துக்காரர்கள் பற்றவைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்து ஆண்களில் சிலரும் எடுத்துக்கொண்டார்கள். துக்கம் தாளாமல்தான் எடுத்தார்கள். புகை கதவு வழியாகக் கூடத்துக்குள் போனது.

தேவசகாயம் கண் சிவக்க என்னிடம் வந்தார். "நர்சம்மா, என்னன்னு சொல்லித் தடுக்கறதுங்க இப்ப?"

அவரிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு உரியவர் உள்ளே மாலையோடு படுத்திருந்தார். நான் சொல்லியிருக்கலாம். வெளியாள், பையோடு வந்தவள், எழவு வீட்டில் போய் விதி பேசியிருக்கலாம். அக்காவின் தம்பிக்கு அது எப்படி இருந்திருக்கும்? இறந்தவருக்குப் புகை என்ன செய்துவிடும் என்று புத்தி சொன்னது. மனது கேட்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பேச வேண்டியவர் நான் இல்லை என்று தோன்றியது. இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன். உங்களில் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், அதுவும் சரிதான்.

கூடத்திலிருந்து ஆறுச்சாமியண்ணன் எழுந்து வெளியே வந்தார். ஆண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அவளுக்கு ஆவாதுங்க."

தம்பிக்குப் புரியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னம் உள்ளதானுங்க இருக்கறா. எடுத்ததுக்கப்பறம் பிடிச்சுக்குங்க."

படியில் இருந்த அத்தனை பேரும் அணைத்தார்கள். தம்பி தட்டத்தை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார், கேவிக் கேவி அழுதுகொண்டே. உடலை எடுக்கும்வரை அந்தப் படியில் ஒரு தீக்குச்சி உரசவில்லை.

எடுத்தாயிற்று. பிறகு என்ன? 'எடுத்ததுக்கப்பறம் பிடிச்சுக்குங்க' என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். காரியம் முடிந்த கையோடு ஒருவர் படியில் பற்றவைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. மாதம் திரும்புவதற்குள் வேப்பமரத்துக் கயிறு பழையபடி படியடிக்கு வந்துவிட்டது. ஒருவர் முகத்துக்காக மட்டும் நடக்கிற விதி அந்த முகத்தோடு சுடுகாட்டுக்குப் போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நான் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த கூட்டத்தில் தேவசகாயம் தாமாகவே எழுந்தார். போர்டு மாட்டிவிடலாம் என்றார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. பிறகு மீதியைச் சொன்னார். நடுவில் அக்காவின் போட்டோ, அதற்குக் கீழே 'ருக்மணியக்கா நினைவாகப் படியில் புகைக்க வேண்டாம்' என்று. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆறுச்சாமியண்ணன் அவர்களைக் கும்பிட்டார்.

இத்தனை மாதம் நான் கெஞ்சியும் கிடைக்காதது தானாகக் கைக்கு வருகிறது. சும்மா இருந்தால் போதும். ஆனால் எனக்கு அக்காவின் கட்டில்தான் கண்ணில் நின்றது. இரண்டில் ஒன்றைத்தானே வாங்கிக்கொண்டு போனார்? நான் எழுந்து, அக்கா அன்று மத்தியானம் கேட்டதை அப்படியே சொன்னேன். பேரு வேண்டாமுங்க என்று சொன்னதை, ஒரு நாளாவது அதைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று சொன்னதை.

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். ஆறுச்சாமியண்ணன் என்னையே பார்த்தார்.

"எங்கிட்டச் சொல்லலீங்களே."

சொல்லிவிட்டு அவரும் எழுந்தார்.

"நாந்தானுங்க எல்லாத்தையும்விட அதிகமாச் சொல்லீட்டிருந்தேன். அன்னிக்கும் நாந்தான் சொன்னேன்." தேவசகாயத்திடம் திரும்பினார். "பேரு வேண்டாமுங்க. படமும் வேண்டாமுங்க. அவ கேட்டாப்பலயே பண்ணிப்போடுங்க."

அப்படியே செய்தார்கள். முதல் படிக்கு மேலே ஒரு சின்னப் பலகை. அதில் முதலில் பெரிதாக, 'வாங்க'. அதற்குக் கீழே, 'படியில் புகை வேண்டாமுங்க. மரத்தடியில் உட்காரலாமுங்க. இப்படிக்கு, இங்கே குடியிருக்கிற எல்லோரும்.' வாங்க என்று முதலில் எழுதியது தேவசகாயத்தின் யோசனை. கயிறும் கடைக்காரர் கையாலேயே மரத்துக்குத் திரும்பிப் போனது. அந்த ஏற்பாடு பிறகு கலையவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, சிங்காநல்லூருக்கு வேறு வேலையாகப் போனவள், மனது கேட்காமல் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். ஆறுச்சாமியண்ணனும் தேவசகாயமும் காலமாகிவிட்டார்கள் என்று தெரியும். வெள்ளையடித்தபோது பலகையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை போலிருக்கிறது, ஆணி மட்டும் இருந்தது. மரம் இருந்தது, கல் இருந்தது. முதல் மாடியில் ஃபேன் மாட்ட வந்த எலெக்ட்ரீசியன் படியில் நின்று சிகரெட்டைப் பற்றவைக்கப் போனான். வாசலில் நின்ற இளம்பெண் மெதுவான குரலில் சொன்னாள்.

"படியில வேண்டாமுங்கண்ணா. அக்காவுக்கு ஆவாதுங்க."

ஏறிவந்த படியிலேயே நின்று, "எந்த அக்கா கண்ணு?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. நாங்க குடிவந்தப்பவே இப்பிடித்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க. மேல யாரோ முடியாதவங்க இருக்கறாங்களாட்டங்க."

ருக்மணி என்று சொல்ல வாயெடுத்தேன். பேரு வேண்டாமுங்க என்று கேட்டது ஞாபகம் வந்தது. பேர் போய்விட்டது, அவர் கேட்டபடியே. ஆவாதவள் மட்டும் இன்னும் மேலே படுத்திருக்கிறாள். பேச்சை மாற்றினேன்.

"இங்க தண்ணியெல்லாம் எப்படி கண்ணு, நல்லா வருதா?"

"வருதுங்க. ஆனா எப்ப வருதுன்னு தெரியறதில்லீங்க. வந்துருச்சுன்னு ஒரு குரல் குடுக்கறதுக்கு இங்க ஆளில்லீங்க."